காரின் சிறு விளக்குகள்

இரவு நேரத்தில் நெடுஞ்சாலையில் செல்லும் ஒரு காரை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். அதன் முகப்பில் இரண்டு பெரிய விளக்குகள் ஒளிர்கின்றன. ஓட்டுபவருக்கு வழிகாட்டுவன அவையே. ஆனால் அந்தக் காரின் உடலில் வேறு பல சிறு விளக்குகளும் உள்ளன. முன்புற ஓரங்களில் இரண்டு எரிகின்றன. பின்புறத்தில் சிவப்பாக இரண்டு எரிகின்றன. பிரேக்கை மிதித்ததும் பளிச்சிடும் விளக்குகள் சில. திரும்பும்போது மஞ்சளாகச் சிமிட்டுவன சில. நம்பர் பிளேட்டின்மேல் மங்கலாக எரிவது ஒன்று. இவற்றால் ஓட்டுபவர் எதனையும் பார்ப்பதில்லை. பிறர் அவரைப் பார்ப்பதற்காகவே இவை எரிகின்றன.

இவ்விளக்குகளில் இருக்கும் பழைய பல்புகளைக் கழற்றிவிட்டு, எல்.இ.டி. என்னும் புதுவகைப் பல்புகளைப் பொருத்துவது இப்போது பரவலான வழக்கமாகிவிட்டது. கடையில் கேட்டால் எடுத்துத் தருகிறார்கள். ஐந்து நிமிடத்தில் மாட்டிவிடலாம். அவ்வாறு மாற்றுவது நல்லதா? நல்லதெனில், எதனைக் கவனித்து மாற்றவேண்டும்? பள்ளியிலும் கல்லூரியிலும் நீங்கள் படிக்கும் மின்சாரப் பாடமே இதற்கு விடை சொல்லிவிடும்.

முதலில் பழைய பல்பை எடுத்துக்கொள்வோம். கண்ணாடிக் குமிழுக்குள் டங்ஸ்டன் என்னும் உலோகத்தாலான மெல்லிய இழை ஒன்று இருக்கிறது. மின்சாரம் பாயும்போது இழை சூடேறுகிறது. வெண்மையாகக் காய்ந்து ஒளி தருகிறது. ஆகவே இது முதலில் ஓர் அடுப்பு. அதன் பிறகே விளக்கு. நாம் கொடுக்கும் மின்சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகவே போய்விடுகிறது. நூற்றில் பத்துப் பங்குகூடக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாறுவதில்லை. கார்களில் நம்பர் பிளேட்டுக்கும் ஓர விளக்குகளுக்கும் வழக்கமாக 12 வோல்ட், 5 வாட் பல்பு. பிரேக் விளக்குக்கும் இண்டிகேட்டருக்கும் 21 வாட் பல்பு. சில கார்களில் பின்விளக்கும் பிரேக் விளக்கும் ஒரே குமிழுக்குள் இரண்டு இழைகளாக இருக்கும். ஒன்று 5 வாட். மற்றொன்று 21 வாட்.

எல்.இ.டி. என்பது ஒளி உமிழும் டயோடு. இதில் காய்வதற்கு இழை எதுவும் இல்லை. குறைகடத்திப் படிகங்கள் இரண்டு சந்திக்கும் இடத்தில் எலெக்ட்ரான்கள் உயர்ந்த சக்தி நிலையிலிருந்து தாழ்ந்த நிலைக்கு இறங்குகின்றன. அப்போது விடுபடும் சக்தி ஒளியாக வெளிப்படுகிறது. எந்த நிறத்து ஒளி என்பதைப் படிகத்தின் தன்மையே முடிவு செய்கிறது. 1962-இல் அமெரிக்காவில் நிக் ஹோலன்யாக் என்பவர் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தரும் டயோடை உருவாக்கினார். நீல ஒளிக்கு உலகம் மேலும் முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஜப்பானில் இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா ஆகிய மூவரும் காலியம் நைட்ரைடு என்னும் பொருளைக் கொண்டு அதனைச் சாதித்தனர். அதற்காக 2014-இல் அம்மூவருக்கும் பௌதிகத்திற்கான நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. நீலம் கிடைத்ததும் வெள்ளையும் கிடைத்தது. நீல ஒளி தரும் படிகத்தின்மேல் மஞ்சள் ஒளி தரும் பாஸ்பர் பூச்சை இட்டால், இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றுகின்றன. இந்தச் செய்தியைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

இனி, மாற்றுவதால் வரும் நன்மைகளைக் காண்போம்.

முதல் நன்மை மின்சாரச் சிக்கனம். ஒரு கார் நள்ளிரவில் பழுதாகிச் சாலையோரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னே இரண்டு, பின்னே இரண்டு, நம்பர் பிளேட்டுக்கு இரண்டு என ஆறு பல்புகள் எரியவேண்டும். பழைய பல்பாயின் 6 × 5 = 30 வாட்; அதாவது 2.5 ஆம்பியர். 35 ஆம்பியர்-மணி அளவுள்ள பாட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்த முடியும் என்று கொண்டால், ஏழு மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். எல்.இ.டி. பல்பு ஒன்றுக்கு ஒரு வாட் எனக் கொண்டால் மொத்தம் 6 வாட், அரை ஆம்பியர். அதே பாட்டரி முப்பத்தைந்து மணி நேரம் தாங்கும். விடியும்வரை அந்தக் கார் பிறர் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். இதனால் பெட்ரோலும் பெரிதும் மிச்சமாகும் எனச் சிலர் சொல்வர். அது பெயரளவுக்கே உண்மை. வண்டியை இழுக்கும் சக்தியோடு ஒப்பிட்டால் இந்த 24 வாட் ஒரு பொருட்டன்று.

இரண்டாவது நன்மை விரைவு. இழை சூடேறிய பிறகே ஒளிரவேண்டும் என்றேன் அல்லவா? பிரேக்கை மிதித்த பின் 21 வாட் இழை முழு ஒளியை எட்டுவதற்கு ஏறத்தாழ 0.2 விநாடி ஆகிறது. எல்.இ.டி.யோ மிதித்த கணமே ஒளிர்கிறது. 0.2 விநாடி என்ன பெரிய காலம் என்று நினைக்கக் கூடாது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி விநாடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது, 0.2 விநாடியில் 5 மீட்டர். ஒரு காரின் நீளத்தைக் காட்டிலும் அது மிகுதி. பின்னால் வருபவருக்கு அந்த ஐந்து மீட்டரை நாம் தானமாகக் கொடுக்கிறோம்.

இவ்வளவு நன்மை இருந்தும், இந்த மாற்றம் தீங்காகவும் முடியக்கூடும். அதனை நான் அனுபவத்தில் கற்றேன். சில ஆண்டுகளுக்குமுன் என் பழைய காரின் பின்விளக்குகளில் விலை மலிந்த எல்.இ.டி. பல்புகளை வாங்கி மாட்டினேன். இருட்டும் வேளையில் ஒரு ரயில்வே கேட் அருகே வண்டியை நிறுத்தினேன். பின்னால் வந்த லாரி கிறீச்சிட்டு, என் காருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. பின் இருக்கையில் என் பேத்தி உறங்கிக்கொண்டிருந்தாள். லாரி ஓட்டுநர் சினத்தோடு இறங்கி வந்தார். என் நரைத்த தலையைக் கண்டு சற்றுத் தணிந்து, “ஐயா, நீங்கள் பிரேக் பிடித்தது எனக்குத் தெரியவே இல்லையே! விளக்கு முன்பும் அப்படியேதானே எரிந்தது?” என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. பழைய இரட்டை இழைப் பல்பில் 5 வாட் இழை 35 லூமென் ஒளி தருவது. 21 வாட் இழை 440 லூமென் தருவது. மின்திறன் நான்கு மடங்குதான். ஒளியோ பன்னிரண்டு மடங்குக்கு மேல். அந்தப் பெரும் வேற்றுமையே “நிற்கிறேன், நீயும் நில்” என்று பின்னால் வருபவருக்குச் சொல்லும் மொழி. நான் வாங்கிய பல்பிலோ இரண்டு நிலைக்கும் ஒளியில் வேற்றுமை மிகச் சிறிது. பின்விளக்கு அளவுக்குமேல் பிரகாசமாக இருந்தது; அதனால் பிரேக் விளக்கு ஊமையாகிவிட்டது. பல ஆண்டுகள் வகுப்பில் மின்சாரப் பாடம் நடத்தியவன் நான். ஆயினும் கடையில் அந்தப் பல்பைக் கையில் எடுத்தபோது, ‘பிரகாசமாக இருக்கிறதா?’ என்று பார்த்தேனே ஒழிய, ‘எதைக் காட்டிலும் பிரகாசம்?’ என்று கேட்கத் தவறிவிட்டேன்.

அடுத்து நிறம். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்.இ.டி.யை வைத்தால் போதும் எனப் பலர் கருதுகின்றனர். அது தவறு. டங்ஸ்டன் ஒளியில் சிவப்பு மிகுதி. ஆதலின் சிவப்புக் கண்ணாடி அதனைத் தாராளமாக வெளியே விடுகிறது. வெள்ளை எல்.இ.டி.யோ நீலமும் மஞ்சளும் கலந்தது என்று கண்டோம். அதில் சிவப்புக் குறைவு. கண்ணாடி பெரும்பகுதியைத் தடுத்துவிடும். எஞ்சுவது மங்கலான ஒளியே. ஆகவே சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பு எல்.இ.டி., மஞ்சள் கண்ணாடிக்கு மஞ்சள் எல்.இ.டி. என்பதே முறை.

இண்டிகேட்டரில் வேறொரு விந்தை நிகழும். எல்.இ.டி. மாட்டியதும் அது படபடவென்று இருமடங்கு வேகத்தில் சிமிட்டத் தொடங்கும். சிமிட்டும் வேலையைச் செய்வது பிளாஷர் என்னும் ரிலே. அது தன் வழியே பாயும் மின்னோட்டத்தை அளந்துகொண்டே இருக்கிறது. 21 வாட் பல்புக்கு 1.75 ஆம்பியர் பாயவேண்டும். 3 வாட் எல்.இ.டி.க்குப் பாய்வது 0.25 ஆம்பியர், ஏழில் ஒரு பங்கு. ‘பல்பு எரிந்து போய்விட்டது’ என்று ரிலே முடிவு செய்கிறது; ஓட்டுபவரை எச்சரிக்கவே விரைந்து சிமிட்டுகிறது. நிமிடத்திற்கு 60 முதல் 120 முறைவரை சிமிட்டுவதே சாலையில் அனைவரும் அறிந்த முறை.

இதற்கு இருவகைப் பரிகாரம் உண்டு. ஒன்று, எல்.இ.டி.க்குப் பக்க இணைப்பாக 6 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்ப்பது. அதன் வழியே 2 ஆம்பியர் பாயும். 24 வாட் வெப்பமாகும். பழைய பல்பு தின்ற மின்சாரத்தைக் காட்டிலும் இது தின்பது அதிகம்! அது கையைச் சுடும் அளவுக்குக் காயும் ஆதலின், பிளாஸ்டிக்கின்மீதோ ஒயர்களின்மீதோ கட்டினால் உருகித் தீப்பற்றவும் கூடும். மற்றொன்று, பிளாஷரையே எல்.இ.டி.க்கு ஏற்றதாக மாற்றுவது. இதுவே மேல். ஆனால் சில பிளாஷர்கள், ஒரு பல்பு செத்தாலும் பழைய வேகத்திலேயே சிமிட்டும், எச்சரிக்கை போய்விடும். ஆகவே அவ்வப்போது இறங்கிச் சென்று பார்க்கும் பழக்கம் வேண்டும்.

எல்.இ.டி. சூடாகாது என்பதும் ஒரு தவறான எண்ணம். அதன் ஒளியில் வெப்பம் இல்லையே தவிர, அதன் அடிப்பாகத்தில் வெப்பம் உண்டாகிறது. அது உலோகத்தின் வழியே வெளியேற வேண்டும். மூடிய விளக்குக் கூட்டுக்குள், நம் நாட்டுச் சித்திரை வெயிலில், வெப்பம் வெளியேற வழியில்லாத பல்பு விரைவில் மங்கிச் சாகும். இருபது புள்ளிகள் மின்னும் பல்பைக் காட்டிலும், நல்ல உலோக உடலுள்ள சில புள்ளிப் பல்பே நெடுநாள் உழைக்கும்.

சட்டத்தையும் மறக்கலாகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் வகுத்த விவரங்களுக்கு மாறுபடுமாறு வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் விளக்குகளின் நிறத்தையும் இடத்தையும் வரையறுக்கின்றன. ஒவ்வொரு விளக்குக் கூடும் அதற்கென வகுத்த பல்பை வைத்தே சோதிக்கப்பட்டது. இழை இருந்த இடத்திலிருந்து ஒளிப்புள்ளி சற்று விலகினாலும், உள்ளிருக்கும் ஒளி திருப்பி அதனை வேறு திசைக்கு அனுப்பிவிடும். ஐயம் தோன்றினால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பின்னரே கை வைக்கவேண்டும்.

மாற்றும் முறை எளிது. வண்டியோடு வந்த கையேட்டில் பல்பின் வகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். விளக்கை அணைத்து, பழைய பல்பு ஆறும்வரை பொறுத்திருங்கள். புதியது எரியவில்லையெனில் அஞ்ச வேண்டா. டயோடு ஒரு திசையில்தான் மின்சாரத்தை விடும்; இருபுறமும் ஒரே மாதிரியான அடிப்பாகமுள்ள பல்பாயின், கழற்றித் திருப்பிச் செருகினால் எரியும். இடமும் வலமும் ஒரே வகையாக, ஒரே நாளில் மாற்றுங்கள். முதன்முதலில் நம்பர் பிளேட் விளக்கில் தொடங்குவது நலம். அங்கே பிழை நேர்ந்தாலும் உயிருக்கு ஊறு இல்லை.

இறுதியாக ஒரு சோதனை. மாலையில் நண்பர் ஒருவரைக் காரில் அமரச் செய்து, முப்பது தப்படி பின்னே சென்று நில்லுங்கள். பின்விளக்கு எரியட்டும், பிறகு அவர் பிரேக்கை மிதிக்கட்டும். கண்ணை இமைத்துத் திறந்தாலும் வேற்றுமை தெரிகிறதா? நண்பகல் வெயிலிலும் தெரிகிறதா? தெரியாவிட்டால், பழைய பல்பையே மீண்டும் மாட்டிவிடுங்கள். நான் அவ்வாறே செய்தேன். அதன்பின் தேடிப் பிடித்து நல்ல பல்பு வாங்கி, இதே சோதனையை நடத்திய பிறகே பொருத்தினேன். பின்விளக்கை ஓட்டுபவர் ஒருநாளும் பார்ப்பதில்லை. பார்ப்பவர், பின்னால் வருகின்ற முன்பின் அறியாத ஒருவர். அவர் நின்ற இடத்தில் ஒருமுறை நின்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.