காவலனே கதவடைத்தது ஏன்?

சென்னை விமான நிலையத்தில் 2024 ஜூலை 19 அன்று விமானமேறும் அனுமதிச்சீட்டுகளைக் கையால் எழுதித்தர நேர்ந்ததற்கும், உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு ஸ்தம்பித்ததற்கும், அவற்றைக் கண்காணிக்கவென்றே நிறுவப்பட்ட கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளே காரணமாயிற்று என்பது விசித்திரமன்றோ! சூட்சுமமான தாக்குதல்களையும் கண்டறிய வேண்டி இயக்குதளத்தின் கர்ப்பக்கிருகமாகிய கெர்னலிலேயே அது குடியிருந்தது. அன்று அதற்குப் புதிதாய் வந்த கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்க்க, நிரலோ 20 மட்டுமே அளிக்க, அம்மென்பொருள் எல்லை கடந்து நினைவகத்தைப் படிக்கப் புகுந்து இயந்திரத்தையே வீழ்த்தியது.

ஒரே ஆணையால் ஆயிரம் கணினிகளைச் செப்பனிடும் பவர்ஷெல் என்னும் கட்டளைக் கருவி எங்கே போயிற்று? அது விழித்திருக்கும் கணினியோடு மட்டுமே பேசவல்லது. 78 நிமிஷங்களில் பிழை திருத்தப்பட்டும், துவங்கும்போதே விழுந்த கணினிகளிற் பலவற்றுக்கு அத்திருத்தம் எட்டவில்லை. அத்தகைய இயந்திரமொன்று குன்னம் போன்ற சிற்றூரொன்றில் இருந்திருப்பின், சென்னையிலுள்ள நிர்வாகி எத்துணைச் சமர்த்தராயினும், பெரம்பலூரிலிருந்தேனும் ஒருவர் பேருந்தேறி வந்து, சேஃப் மோடில் அதனைத் துவக்கி, அக்கோப்பை நீக்க வேண்டியிருந்திருக்கும்.