உங்களுக்குத் தெரியுமா? விரல் சுருளும், வலிக்காது!

சோறு பிசையும்போதும் சட்டைப் பொத்தான் போடும்போதும் ஒழுங்காக இருக்கும் விரல், வாத்தியத்தில் வைத்ததும் தானாகச் சுருண்டுகொள்ளும். பெரும்பாலும் வலியே இருக்காது. கோளாறு விரலில் இல்லை, மூளையில்! டிஸ்டோனியா என்ற இந்தப் பிரச்சினை, தொழில்முறை இசைக்கலைஞர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு வருவதாகக் கணிப்பு.

• அமெரிக்கப் பியானோ மேதை லியோன் ஃப்ளைஷரின் வலக்கை 1960-களில் இப்படித்தான் முடங்கியது. அதன்பின் சுமார் 30 ஆண்டுகள் மேடையில் பெரும்பாலும் இடக்கை வாசிப்புதான். 1990-களில் போடாக்ஸ் ஊசி உதவியது. மறுபடி இரு கைகளாலும் வாசித்தார்!

• தவில்காரரின் வலக்கை விரல்களில் தெரியும் கூடுகள், துணியும் பசையும் சேர்த்துச் செய்பவை. அந்த அடியை வெறும் விரல் தாங்காது.

• செஞ்சியை அடுத்த மேல்மலையனூரில் அமாவாசை இரவுகளில் பம்பை அடிப்பவர்களே, கை மரத்துப்போவதும் பிடி தளர்வதும் நீடித்தால் எண்ணெய் தடவிக் காலம் கடத்தாதீர்கள். அது நரம்பு நசுங்கியதன் அறிகுறியாக இருக்கலாம்; நசுங்கிய நரம்பு காத்திருக்காது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு 1971 முதல் இயங்குகிறது. என்ன வாத்தியம், எத்தனை மணி நேரம் வாசிப்பு என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.