நோட்டில் இருந்த குளோரின்

கழுகுமலை போல மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் ஊர்களில், தண்ணீர் வேகம் போதாத தெருவில் வாசலோரம் குழி வெட்டிக் குழாயை அதற்குள் இறக்கியிருப்பார்கள். குனிந்து குடத்தை உள்ளே வைத்துத்தான் பிடிக்க வேண்டும். தண்ணீர் வராத நாட்களில் அந்தக் குழியில் சாக்கடைக் கசிவு தேங்கும். வால்வை அடைத்ததும் குழாய் காலியாகி, பக்கத்தில் என்ன கிடக்கிறதோ அதை உறிஞ்சும். மோட்டார் போட்டு இழுத்தால் கேட்கவே வேண்டாம். நம் கரிசல் மண் வேறு கோடையில் கை நுழையும் அளவு வெடிக்கும், ஐப்பசி மழையில் உப்பும். புதைத்த குழாயின் இணைப்புகளும் அதோடு சேர்ந்து அசையும்.

பணக்கார நாட்டில் இந்தக் குழி கிடையாது. ஆனாலும் கனடாவின் வாக்கர்டன் என்ற சிற்றூரில், 2000 மே மாதம், குழாய்த் தண்ணீர் குடித்து 7 பேர் செத்தார்கள். 2,300 பேருக்கு மேல் வயிற்றுப்போக்கு. ஊரின் ஜனத்தொகையே 5,000க்குள்தான். பலத்த மழையில் பண்ணை மாட்டுச் சாணம் ஆழமில்லாத ஒரு கிணற்றுக்குள் இறங்கியிருந்தது. குளோரின் ஒழுங்காகப் போட்டிருந்தால் கிருமி செத்திருக்கும். பணியாளர்கள் குளோரினை அளக்காமலே தினமும் நோட்டில் 0.5, 0.75 என்று எழுதி வந்தது பிறகு விசாரணையில் வெளிவந்தது. ஆய்வகம் கிருமி இருப்பதைச் சொன்ன பிறகும், சுகாதாரத் துறை கேட்டபோது தண்ணீரில் குறையில்லை என்றே பதில் போனது. எனக்குக் குழியைவிட அந்த நோட்டுதான் பயம். குழியாவது கண்ணில் படும்.

ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரநிலைப்படி, வீட்டுக் குழாய்க்கு வந்து சேரும் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சமிருக்க வேண்டும். தொட்டியடியில் அளந்தால் கணக்கு அழகாகத்தான் வரும். தெருவின் கடைசிக் குழாயில் அளக்கச் சொல்லுங்கள். குளோரின் அளக்கும் குளோரோஸ்கோப் குப்பியில் மருந்து விட்டதும் தண்ணீர் மஞ்சளாக வேண்டும். மாறவே இல்லையென்றால் குளோரின் இல்லை.

சுத்தமான தண்ணீர் வாழும் உரிமையில் சேர்ந்தது என்று 1991லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிப் பேரூராட்சியில் மனுப் போட்டால் குளோரின் பதிவேட்டை நேரிலேயே பார்க்கலாம். பதிலுக்கு 30 நாள் கெடு. பேதி அவ்வளவு நாள் பொறுக்காது. ஒரே தெருவில் இரண்டு மூன்று வீட்டில் வாந்திபேதி என்றால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் 104 மருத்துவ உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள். முதல்வர் உதவி எண் 1100ல் புகார் எண் வாங்குங்கள். குடிக்கும் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு ஆற வையுங்கள். கலங்கலாக, வாடையோடு வந்த தண்ணீரை மட்டும் கொட்டிவிடாதீர்கள். சுத்தமான பாட்டிலில் பிடித்து, தேதியும் நேரமும் எழுதி வையுங்கள். ஆள் வந்து பார்ப்பதற்குள் குழாயில் தெளிந்த தண்ணீர் வந்துவிடும்.