வயிற்றுப்புண்ணும் வல்லுநர் சொல்லும்

அறிவியல் வினாக்களில் வல்லுநர்கள் ஒருமித்துச் சொல்வதைச் சாமானியர் நம்பத்தான் வேண்டுமா என்ற விவாதம் எழும்போதெல்லாம், வேண்டியதில்லை என்போர் வயிற்றுப்புண்ணின் வரலாற்றைச் சான்றாகக் காட்டுவதுண்டு. பேச்சு வழக்கில் 'அல்சர்' எனப்படும் இந்நோய்க்கு மன உளைச்சலும் மிகுதியாகச் சுரக்கும் அமிலமுமே காரணம் என்று மருத்துவ உலகம் பல பத்தாண்டுகள் கருதியிருக்க, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் திசு ஆய்வு மருத்துவரான ராபின் வாரன் 1979-இல் இரைப்பைத் திசுவில் வளைந்த பாக்டீரியாக்களைக் கண்டார். பின்னர் அவருடன் இணைந்த இளம் மருத்துவர் பாரி மார்ஷல், இன்று ஹெலிகோபாக்டர் பைலோரி எனப்படும் அக்கிருமியை 1984-இல் தாமே குடித்துப் பார்த்தார். இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இக்கதை பெரும்பாலும் அரைகுறையாகவே சொல்லப்படுகிறது. மார்ஷலுக்கு வந்தது இரைப்பை அழற்சி, அதாவது உட்சுவரின் வீக்கம், புண் அன்று. ஆகவே அந்த ஒரு சோதனையைக் கண்டு வல்லுநர்கள் மனம் மாறிவிடவில்லை, மாறியிருக்கவும் கூடாது. அமிலத்தைக் குறைக்கும் மருந்தால் ஆறிய புண், மருந்தை நிறுத்தியதும் பலருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. நுண்ணுயிர்க்கொல்லிகளால் கிருமியை ஒழித்தவர்களுக்கோ பெரும்பாலும் திரும்பவில்லை என்று ஒப்பீட்டு ஆய்வுகள் அடுத்தடுத்துக் காட்டிய பிறகே, 1994-இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழு, கிருமித்தொற்று உள்ள புண் நோயாளிகளுக்கு அச்சிகிச்சையைப் பரிந்துரைத்தது. பழைய கருத்தைக் கவிழ்த்தவர்களும் அதே துறையினர்தாம். கையாண்டதும் அத்துறையின் அளவுகோல்களைத்தான்.

அந்த இடைக்காலத்தில் மருத்துவரை நம்பி அமிலக் குறைப்பு மருந்து உண்டவர் ஏமாந்தவர் என்றும் சொல்லிவிட முடியாது. புண் அதனால் ஆறியது மெய்யே. மன உளைச்சலே மூலம் என்ற பகுதிக்குத்தான் ஆதாரம் மெலிந்திருந்தது. ஒருமித்த கருத்து என்று ஒரே பெயரில் வழங்குவதற்குள் சோதித்து அறிந்ததும் வழக்கமாய்ச் சொல்லி வந்ததும் கலந்தே கிடக்கின்றன. எது எதுவென்று மருத்துவரிடம் கேட்பதற்கு நோயாளிக்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை.

ஐயத்தைக் கிளப்புவோரையும் அவ்வாறே விசாரிக்கலாம். புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950-இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே நடந்த ஆய்வுகள் காட்டியிருந்தும், அமெரிக்க சிகரெட் நிறுவனங்கள் 1954-இல் நானூறுக்கும் மேற்பட்ட நாளிதழ்களில் அது நிறுவப்படவில்லை என்று விளம்பரம் செய்தன. மார்ஷல் தம் ஐயத்தைச் சோதித்து முடித்துவிடவே முயன்றார். அந்நிறுவனங்களுக்கோ ஐயம் தீராமல் நீடிப்பதில்தான் வியாபாரம் இருந்தது.