வீட்டுப் பேச்சோடு வரும் பிள்ளை

"நம்ம மாவட்டத்துல எல்லாரும் தமிழ்தானே மேடம் பேசுறாங்க, இங்க எதுக்கு இருமொழி ஆசிரியர்?" பயிற்சிக்கு வரும் இளம் ஆசிரியர்கள் என்னிடம் இப்படிக் கேட்பார்கள். ஆசிரியர் பயிற்றுநராக ராமநாதபுரம் மாவட்டத்துப் பள்ளிகளில் ஏறி இறங்கும் நான், பதிலுக்கு அவர்களைப் பரமக்குடிக்கும் கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் போகச் சொல்வேன். முதல் சில நாள் பாடம் எடுக்க வேண்டாம். கடைசி வரிசையில் உட்கார்ந்து பிள்ளைகள் தங்களுக்குள் பேசுவதை எழுதி வாருங்கள் என்பேன்.

பரமக்குடியிலும் வைகைக்கு அக்கரையில் எமனேசுவரத்திலும் நெசவாளர் வீடுகள் பலவற்றில் சௌராஷ்டிரம்தான் பேச்சு. 2011 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் ஏறத்தாழ 2.47 லட்சம் பேர் அதைத் தாய்மொழியாகச் சொன்னார்கள். பெரும்பாலோர் தமிழ்நாட்டில் இருப்பவர்கள். இன்று அந்த வீட்டுப் பிள்ளைகள் தெருவிலும் டி.வி.யிலும் தமிழ் கேட்டுத்தான் வளர்கிறார்கள். ஆனாலும் ஒன்றாம் வகுப்பில் பென்சில் தொலைந்து அழுகை முட்டும்போது வாயில் முதலில் வருவது வீட்டுப் பேச்சு.

அந்தப் பிள்ளை தமிழ் எழுதும்போது எங்கே தடுக்கும் என்பது ஆசிரியருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். சௌராஷ்டிரம் குஜராத்திக்கும் மராத்திக்கும் உறவான மொழி. வல்லோசை, மெல்லோசை, மூச்சுக் கலந்த ஓசை எல்லாம் அதில் தனித்தனி. தமிழில் 'கப்பல்' என்பதிலும் 'கம்பு' என்பதிலும் பகர எழுத்து ஒன்றே, ஒலி மட்டும் வேறு. தமிழ் வீட்டுப் பிள்ளை இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதே இல்லை. இயல்பாகச் சொல்லிவிட்டுப் போய்விடும். சௌராஷ்டிர வீட்டுப் பிள்ளையின் காதுக்கு இவை இரண்டு ஒலிகள், பிறகேன் ஒரே எழுத்து என்று அது திகைக்கிறது. மெல்லின மெய்க்குப் பின்னால் வந்தால் வல்லினம் மெலிந்து ஒலிக்கும் என்பதைக் கைதட்டிச் சொல்லும் விளையாட்டாக்கிப் பாருங்கள், தடுமாற்றம் குறையத் தொடங்கும். எங்கே கஷ்டமில்லை என்று தெரிவதும் உதவும். வினைச்சொல் கடைசியில் வருவது இரண்டு மொழிக்கும் பொது, அதனால் வாக்கியம் அமைப்பதில் அந்தப் பிள்ளைக்குச் சிரமம் குறைவு. இதற்கெல்லாம் ஆசிரியர் சௌராஷ்டிரம் சரளமாகப் பேச வேண்டியதில்லை. அந்த மொழி எப்படி நடக்கிறது என்று தெரிந்தாலே போதும். நான் ஆசிரியப் பயிற்சி படித்த இரண்டு ஆண்டில் தமிழ் கற்பிப்பதும் ஆங்கிலம் கற்பிப்பதும் படித்தேன். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மூன்றாவது மொழியைப் பற்றி ஒரு பேச்சும் வந்ததில்லை.

கீழக்கரையில் வேறு கதை. விடிகாலையில் மதரஸாவில் வலமிருந்து இடமாக அரபு எழுத்து ஓதிவிட்டு, பிறகு பள்ளிக்கு வந்து இடமிருந்து வலமாகத் தமிழ் எழுதுகிறது பிள்ளை. 19ஆம் நூற்றாண்டில் இதே ஊரில் மதரஸா நடத்திய மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898), தமிழை அரபு எழுத்தில் எழுதும் அர்வியில் பெரிய நூல்கள் செய்தவர். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளிகள் கூட்டி எழுத்து உண்டாக்கிய மரபு அது. அந்த ஊர்ப் பிள்ளை எழுத்தைத் திருப்பிப் போட்டால் மந்தம் என்று முடிவுகட்டாதீர்கள். அந்த வயதில் எந்தப் பிள்ளையும் திருப்பிப் போடும். இதுவோ இரண்டு எழுத்துமுறையைச் சேர்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறது.

மண்டபம் முகாமில் 1983க்குப் பிறகு படகேறி வந்த இலங்கைத் தமிழர் குடும்பங்கள் இருக்கின்றன. பேச்சு தமிழ்தான், உச்சரிப்பும் சில சொற்களும் மட்டும் வேறு. ஆனால் ஆசிரியரைத் தயார்செய்வது எனக்கு இங்கேதான் மிகக் கடினமாக இருக்கிறது, ஏனென்றால் திருத்தத் துடிக்கும் நாக்கை அடக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. வகுப்பே சிரிக்க ஒருமுறை திருத்தப்பட்ட பிள்ளை அதற்கப்புறம் கை தூக்காது.

2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகியபின் இன்னொரு மொழியும் வந்து சேர்ந்தது. "அவன் இங்கிலீஷ் நல்லாத்தான் பேசுறான் மேடம், சயின்ஸ்லதான் கவனமில்லை" என்று ஆசிரியர் ஒருவர் சொன்னார். கனடாவில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் இதைத்தான் 1980களிலேயே விளக்கினார். புது மொழியில் பேசிப் பழக இரண்டு ஆண்டு போதும். பாடத்தைப் படித்து யோசித்து எழுதும் அளவுக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். பேச்சைக் கேட்டு நாம் ஏமாந்துபோகிறோம்.

ஆங்கில வரி ஒன்று, தமிழில் அதன் பொருள் ஒன்று என்று மாற்றி மாற்றி வாசிப்பதை இருமொழிக் கற்பித்தல் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் பிள்ளை தமிழ் வரிக்காகக் காத்திருக்கும், ஆங்கிலத்தைக் காதிலேயே வாங்காது. கடற்கரைப் பள்ளியில் பருவக்காற்றுப் பாடம் என்றால், முதலில் வாடை, கொண்டல், கச்சான், சோளகம் என்ற காற்றுகளைப் பற்றிப் பிள்ளைகளே பேசட்டும். எந்தக் காற்றில் அப்பா கடலுக்குப் போக மாட்டார் என்று கேளுங்கள். கரும்பலகையில் திசைகளோடு படம் வரைந்தபின் ஆங்கிலச் சொற்களை அதன்மேல் எழுதுங்கள். கடைசியில் இரண்டு வாக்கியமாவது அவர்களே ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எந்த இடத்தில் எந்த மொழி என்று திட்டமிடுவது தனித் திறமை. பயிற்சியில்தான் அது வரும்.

பிள்ளையின் மொழி தெரிந்தவரையே ஆசிரியராக்குவதும் புதிதல்ல. ஒடிசாவில் 2006-07 வாக்கில் பத்துப் பழங்குடி மொழிகளில் பன்மொழிக் கல்வி தொடங்கியபோது, அந்தந்த மொழி பேசும் இளைஞர்களையே ஆசிரியர்களாக்கினார்கள். தொடக்கக் கல்வியில் மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழி வசதி வேண்டும் என்று சொல்லும் 350ஏ பிரிவு 1956இலேயே அரசியல் சட்டத்தில் சேர்ந்துவிட்டது. நம்மிடம் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் மாணவரின் தாய்மொழிக்கென்று ஒரு கட்டமே இருக்கிறது. ஆசிரியர் மாறுதல் கலந்தாய்வின்போது அந்தக் கட்டத்தையும் பாருங்கள் என்பதே என் கோரிக்கை. எமனேசுவரத்தில் காலியிடம் வந்தால் சௌராஷ்டிரம் தெரிந்த இடைநிலை ஆசிரியர் இருக்கிறாரா என்று முதலில் கேட்கலாம். இல்லாவிட்டால் அங்கே போகிறவருக்கு அந்த மொழியின் ஒலிகளைப் பற்றி ஒரு வாரப் பயிற்சி கொடுக்கலாம். சொல்லித்தர அந்தத் தெருவிலேயே ஆட்கள் இருக்கிறார்கள்.