இணையத்தளம் யாருடைய பெயரில் இருக்கிறது?

சங்கத்துக்கு ஓர் இணையத்தளம் வேண்டும் என்று பொதுக்கூட்டத்தில் தீர்மானம் எடுப்பார்கள். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் பழைய மாணவர் ஒருவர் செலவைப் பொறுப்பேற்பார். தெரிந்த தம்பி ஒருவர் இரண்டு கிழமையில் செய்து கொடுப்பார். இரண்டு வருடம் கழித்துத் திறந்து பார்த்தால் பழைய நிர்வாக சபையின் படம் முகப்பில் நிற்கும். அல்லது சூதாட்ட விளம்பரம் வரும். அல்லது பக்கமே இராது. கடவுச்சொல் எங்கே என்று கேட்டால் செயலாளர் தலைவரைப் பார்ப்பார், தலைவர் பொருளாளரைப் பார்ப்பார். செய்து தந்த தம்பியோ வெளிநாடு போயிருப்பார். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று எங்கு போனாலும் கூட்டுறவுச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் தொண்டு அமைப்புகளும் இதே குழியில்தான் விழுகின்றன.

எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, எந்த மென்பொருள் நல்லது என்பது. முதலில் கேட்கவேண்டியதோ, எல்லாம் யாருடைய பெயரில் இருக்கப்போகிறது என்பது.

இருந்தாலும் மென்பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிரல் எழுதத் தெரியாதவரும் செய்தியையும் படத்தையும் தாமே ஏற்ற உதவும் மென்பொருளே உள்ளடக்க முகாமைத்துவ முறைமை. வேர்ட்பிரஸ், ஜூம்லா, டுருப்பல் ஆகிய மூன்றும் இலவசம். சிறிய சங்கத்துக்கு வேர்ட்பிரஸ் போதும். விலைமனுவில் ‘மென்பொருள் உரிமக் கட்டணம்’ என்று ஒரு வரி இருந்தால் எதற்கென்று கேளுங்கள். தீம் எனப்படும் தள வடிவமைப்பைக் கட்டணத்துக்கு வாங்கினால் பற்றுச்சீட்டு சங்கத்தின் பெயரில் வரவேண்டும். பூட்டுடைத்த தீம்களை இணையத்தில் சும்மா எடுத்துப் போடுபவர்களிடம் வேலை கொடுக்காதீர்கள். சூதாட்ட விளம்பரம் நுழையும் வழிகளில் அதுவும் ஒன்று. எந்தப் பதிப்பு என்றும் கேளுங்கள். ஜூம்லா 3 பதிப்புக்கான ஆதரவு 2023 ஆகஸ்ட்டிலும், டுருப்பல் 7 பதிப்புக்கானது 2025 ஜனவரியிலும் முடிந்துவிட்டன.

பணம் கொடுக்கும் முன் ஒரு பரீட்சை வையுங்கள். செயலாளர் தன் கைபேசியில், யாருடைய உதவியுமின்றி, ஒரு கூட்ட அறிவித்தலைத் தமிழில் தட்டச்சு செய்து, படத்தோடு ஏற்றி, பிறகு திருத்தி, அழித்தும் காட்டவேண்டும். அவரால் முடியாவிட்டால் அந்தத் தளம் உங்களுக்கு உதவாது. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஆவணங்களை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கலைந்து தெரியும், தேடினாலும் அகப்படாது. யூனிக்கோடுக்கு மாற்றித் தருவதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

கையில் இருக்கவேண்டியவை

முதலாவது, டொமைன் எனப்படும் இணையப் பெயர். டொட் எல்கே பெயர்களை எல்கே டொமைன் பதிவகம் வழங்குகிறது. பதிவுதாரர் என்ற இடத்தில், பிரதேச செயலகத்திலோ கூட்டுறவுத் திணைக்களத்திலோ பதிந்த அதே பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்கவேண்டும். தளம் செய்பவர் தொழில்நுட்பத் தொடர்பாளராக இருக்கலாம். பதிவுதாரராக ஒருபோதும் இருக்கக்கூடாது. காசு கொடுத்த புலம்பெயர் உறவின் பெயரும் வேண்டாம். அவர் நல்லவர்தான், ஆனால் அவருடைய கடனட்டை காலாவதியானால் உங்கள் இணையப் பெயரும் போய்விடக்கூடும்.

இரண்டாவது, சங்கத்துக்கென்று ஒரு மின்னஞ்சல். டொமைன், தளத்துக்கு இடம் தரும் ஹோஸ்டிங், முறைமை மூன்றும் அதில்தான் பதியப்படவேண்டும். கடவுச்சொல் மீட்பு இலக்கம் சங்கத்தின் தொலைபேசியாக இருக்கட்டும்.

மூன்றாவது, எழுத்திலான ஒப்பந்தம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஊழியர் வேலையின்போது செய்த ஆக்கம் வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முதலாளிக்கு உரியது. வெளியாளிடம் செய்வித்தால் அப்படித் தானாக வராது. உரிமை மாற்றம் கையொப்பத்தோடு எழுத்தில் இருக்கவேண்டும். இந்த வாசகத்தைச் சேருங்கள்: ‘வடிவமைப்பு, நிரல், தரவுத்தளம், படங்கள் ஆகியவற்றின் உரிமை முழுவதும் சங்கத்துக்கு மாற்றப்படுகிறது. நிர்வாகிக் கணக்கும் எல்லாக் கடவுச்சொற்களும் ஒப்படைக்கப்பட்ட பின்பே இறுதித் தவணை செலுத்தப்படும்.’ இறுதித் தவணையைப் பிடித்து வையுங்கள். பிடித்து வைக்காதவர்கள்தான் பிறகு கெஞ்சுகிறார்கள்.

நான்காவது, காப்புப்பிரதி. 2023 ஆகஸ்டில் அரசின் மேகக் கணினிச் சேவையையே கப்பம் கேட்கும் தீம்பொருள் தாக்கியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. அந்தக் காலத்துக்கு இணைப்பில்லாத காப்புப்பிரதி இருக்கவில்லை. கொழும்புக்கே அந்த நிலை என்றால் நமக்கு? மாதம் ஒருமுறை முழுப் பிரதியை இறக்கி வன்தட்டில் இட்டு அலுமாரியில் பூட்டுங்கள். ஹோஸ்டிங் நிறுவனமே பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள்.

கடவுச்சொற்களை எழுதி உறையிலிட்டு, ஒட்டிய இடத்தின் மேல் தலைவரும் செயலாளரும் கையொப்பமிட்டு, காசோலைப் புத்தகத்தோடு வையுங்கள். நிர்வாகம் மாறும் நாளில் இறப்பர் முத்திரையோடு இதையும் கையளித்து, அன்றே கடவுச்சொற்களை மாற்றுங்கள்.

எதை ஏற்றக்கூடாது

உதவி பெற்ற பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் முகமும் முகவரியும், பிள்ளைகளின் படங்கள், அடையாள அட்டை இலக்கங்கள், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் விவரம், புனர்வாழ்வு பெற்றோர் பட்டியல்: இவையெல்லாம் கொடையாளருக்குக் கணக்குக் காட்டவென்று இணையத்தில் ஏற்றப்படுகின்றன. வன்னியில் இந்த விவரம் தவறான கையில் விழுந்தால் என்ன நடக்கும் என்று யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. அதன் எல்லாப் பகுதிகளும் ஒரே நாளில் நடைமுறைக்கு வரவில்லை என்பதைச் சாக்காகச் சொல்லவேண்டாம். சம்மதம் இல்லாத படத்தை இன்றே எடுத்துவிடுங்கள்.

கைவிட்டுப் போயிருந்தால்

தளம் ஊடுருவப்பட்டால் எதையும் அழிக்காமல் திரையைப் படம்பிடித்து, தேசிய இணையப் பாதுகாப்பு அமைப்பான இலங்கை சேர்ட்டுக்கு அறிவியுங்கள். தொலைபேசி இலக்கம் 101. அனுமதியின்றி உட்புகுவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். பொலிஸில் முறைப்பாடு செய்து முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி வையுங்கள்.

டொட் எல்கே பெயர் வேறொருவரிடம் இருந்தால் பதிவகத்தின் பிணக்குத் தீர்வு முறைக்கு விண்ணப்பிக்கலாம். சங்கப் பதிவுச் சான்றிதழ், நிர்வாக சபைத் தீர்மானம், பணம் கட்டிய பற்றுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளைத் தயாராக வையுங்கள். டொட் கொம் பெயரென்றால் பெயர் யாருடைய கணக்கில் இருக்கிறதோ அவர் மாற்றக் குறியீட்டைப் பெற்றுத் தரவேண்டும். கேட்டு 5 நாட்களுக்குள் பதிவு நிறுவனம் அதைக் கொடுத்தாகவேண்டும்.

பணம் வாங்கி வேலை முடிக்காதவர் மீது பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். தொலைபேசி இலக்கம் 1977. காலக்கெடு 3 மாதம். அதைத் தவறவிட்டு ஒரு வருடம் கழித்துப் புலம்புவோர்தான் அதிகம். பணத் தகராறை உங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்கும் கொண்டுபோகலாம். அதற்குச் சட்டத்தரணி தேவையில்லை.

பிரதேச சபையின் தளம் மாதக்கணக்கில் செத்துக் கிடந்தால் அதுவும் உங்கள் வரிப்பணம்தான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள்: செலவு எவ்வளவு, யாரோடு ஒப்பந்தம், பராமரிப்பு யார் பொறுப்பு? 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பிறகு 2 மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையிடலாம்.

தொழில்நுட்ப உதவிக்குக் கொழும்பு போகவேண்டியதில்லை. வவுனியாவில் பல்கலைக்கழகமும், கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் இருக்கின்றன.

அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் மூன்று கேள்விகளைச் சேருங்கள். டொமைன் யாருடைய பெயரில்? கடவுச்சொல் யாரிடம்? கடைசிக் காப்புப்பிரதி எப்போது எடுக்கப்பட்டது? பதில் கூட்டறிக்கையில் எழுதப்படவேண்டும். பதில் சொல்ல ஆளில்லை என்றால், அந்தத் தளம் இன்றைக்கே உங்கள் சங்கத்துடையது அல்ல.