சாயத்தின் கட்டமைப்பைப் படிக்கும் கலை

திம்புள்ளத் தேயிலையின் பெயரைச் சந்தையில் நிலைநிறுத்துவது அதன் சாயத்தின் துலக்கமே. சனவரி முதல் மார்ச் வரையான குளிர்ந்த, வறண்ட காலத்துக் கொழுந்து இதற்குப் பெயர்போனது. அத்துலக்கத்தைத் தரும் தியாஃபிளேவின் என்னும் சேர்வை பச்சைக் கொழுந்தில் இருப்பதில்லை. கொழுந்து அரைபட்டுக் காற்றுப் படும்போது, இலையிலுள்ள நொதியத்தின் துணையால் கட்டெச்சின் வகை மூலக்கூறுகள் இரண்டு பிணைந்து அது உருவாகிறது. அதன் நடுவே ஏழு காபன் அணுக்களாலான அபூர்வ வளையம் இருப்பது 1960களில் தெளிவாவதற்குத் துணைநின்ற முறைகளுள் ஒன்றே, இன்று பல்கலைக்கழக இரசாயன மாணவர் அனைவரும் கற்கும் கருக் காந்தப் பரிவு நிறமாலையியல்.

ஐதரசன் அணுவின் கரு ஒரு நுண்ணிய காந்தம் போல நடந்துகொள்கிறது. வலிய காந்தப் புலத்தினுள் அதை வைத்து, உரிய மீடிறனுடைய வானொலி அலையைச் செலுத்தினால், அக்கரு அந்த அலையின் சக்தியை உறிஞ்சுகிறது. இதுவே பரிவு எனப்படும். 9.4 டெஸ்லா புலத்தில் அம்மீடிறன் ஏறத்தாழ 400 மெகாஹேட்ஸ் ஆகும். ஆயினும் ஒவ்வொரு கருவையும் சூழ்ந்துள்ள இலத்திரன்கள் புலத்தைச் சிறிதளவு மறைப்பதால், மூலக்கூறில் அது எங்கே அமைந்துள்ளது என்பதைப் பொறுத்து மீடிறன் மில்லியனில் சில பங்குகள் விலகுகிறது. 'இரசாயனப் பெயர்ச்சி' எனப்படும் அவ்விலகல் வரைபில் தனித்தனி உச்சிகளாகத் தெரிகிறது. உச்சியின் பரப்பு ஐதரசன்களின் எண்ணிக்கையைச் சொல்கிறது. லயத்தில் பக்கத்துக் காம்பராவின் பேச்சு இங்கே கேட்பதைப் போல, அயல் காபனிலுள்ள ஐதரசன்களும் ஓர் உச்சியைப் பல கிளைகளாகப் பிளக்கின்றன.

இத்தோற்றப்பாட்டை 1945ஆம் ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் பேர்செல், பிளொக் ஆகியோரின் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. அதற்காக அவ்விருவருக்கும் 1952இல் நோபல் பரிசு கிடைத்தது. எனினும் இரசாயனவியலாளரை இதன்பால் ஈர்த்தது, எத்தனோலின் ஐதரசன்கள் மூன்று உச்சிகளாகப் பிரிவதைக் காட்டிய 1951ஆம் ஆண்டுக் கட்டுரையே. அதன் ஆசிரியர் மூவருள் ஒருவரான எஸ். எஸ். தர்மாட்டி, பின்னர் பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவகத்தில் இத்துறையை வளர்த்தவர்.

பெயர்ச்சி எண்களின் அட்டவணையை மனனம் செய்வதையே பாடமாகக் கருதும் மாணவருக்கு இத்துறை வறண்டதாகத் தோன்றினால் வியப்பில்லை. தேயிலையிலிருந்து ஆய்வுகூடத்திலேயே பிரித்தெடுக்கக்கூடிய கஃபீன் அதனினும் நல்ல தொடக்கம். அதன் பத்து ஐதரசன்களுள் ஒன்பது மூன்று மெதைல் கூட்டங்களில் அடங்க, ஒன்று மட்டும் வளையத்தில் தனித்து நிற்கிறது. அயலில் வேறு ஐதரசன் இல்லாமையால் 3:3:3:1 என்னும் விகிதத்தில் பிளவுபடாத நான்கு உச்சிகளே தோன்றுகின்றன. கரைப்பானின் ஐதரசன் இவற்றை மூடிவிடாதிருக்க, ஐதரசனுக்குப் பதில் தியூத்திரியம் கொண்ட குளோரோபோம் பயன்படுத்தப்படுகிறது. திரவ ஹீலியத்தில், ஏறத்தாழ −269 பாகை செல்சியசில், குளிரூட்டப்படும் மீகடத்திக் காந்தம் பெருஞ்செலவு பிடிப்பது. அது தரும் வரைபைப் படிக்கவோ தாளும் பென்சிலும் போதும்.

மருத்துவமனைகளின் எம்.ஆர்.ஐ. படமும் உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஐதரசன் தரும் இதே சமிக்ஞையால் உருவாவதே. 'கரு' என்னும் சொல் நோயாளரைக் கதிர்வீச்சென்று அஞ்சவைக்கும் என்பதால் பெயரிலிருந்து கைவிடப்பட்டது. உணவாய்விலும் இம்முறை பரவியுள்ளது: பசுந்தேயிலைச் சாற்றைப் பிரித்தெடுக்காமலே அளந்து, தியனின், கஃபீன் முதலியவற்றின் அளவுகளைக் கொண்டு உயர்தரத் தேயிலையை வேறுபடுத்தலாம் என 2004இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

கறுப்புத் தேயிலையின் செங்கபிலச் சாயத்துக்குக் காரணமான தியாருபிஜின்கள் மட்டும் இம்முறைக்கு எளிதில் பிடிகொடுப்பதில்லை. அவை ஒரே சேர்வையல்ல; ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளின் கலவை என்பதால், உச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தாழ்ந்த மேடாகவே வரைபில் தெரிகின்றன. 1925இல் நிறுவப்பட்டு, இன்று தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் சுற்றுவட்டாரத்திலிருந்து இரசாயனம் கற்கச் செல்லும் மாணவருக்கு, தம் வீட்டுக் கோப்பையிலேயே இன்னும் முழுமையாகத் தீராத கணக்கு ஒன்று உண்டு.